காரைக்குடியில பருத்திக் கயிறு வாங்கப் போனேன்

ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கயிறு வாங்கணும்.

எதுக்குன்னு கேப்பீக. சொல்லிடறேன். புருசன் பொண்டாட்டி சம்மதத்தோட ஒருத்தர் கைய ஒருத்தர் கட்டி விளையாடுறதப் பத்தி ஒரு கட்டுரை படிச்சேன். புதுசா ஆரம்பிக்கிறவுகளுக்காம். கல்யாணமாகி பதினோரு வருசம், நாங்களும் புதுசுதான்!

எங்க வீட்டுக்காரரு ஊசிக்கே கண்ண மூடிக்கிற ஆளு. ரெண்டு மாசம் பேசுன பெறகு, "சரி, கட்டு. ஆனா நான் ரசம்னு சொன்னா அந்த நொடியே அவுத்துரணும்"னு சம்மதிச்சாரு.

பிள்ளைக பள்ளத்தூர்ல எங்க அம்மா வீட்டுல. சாயங்காலம் வரைக்கும் வீடு எங்களுக்கு. இப்படி ஒரு நாள் மறுபடி எப்ப வாய்க்கும்?

விதியெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டேன். மெத்துன்னு பருத்திக் கயிறு. ரெண்டு வெரல் நுழையணும். பக்கத்துல கத்திரிக்கோல். கட்டிட்டுத் தனியா விட்டுட்டுப் போகக் கூடாது. கழுத்துப் பக்கமே போகக் கூடாது.

"என்னத்துக்குத் தாயி?"ன்னாரு கயித்துக்கடைக்காரரு.

நம்ம ஊர்ல காரணம் சொல்லாம ஒரு முழம் கயிறு வாங்க முடியாதுங்கிறத மறந்துட்டேன். வாய் தானா உளறுச்சு. "கன்னுக்குட்டி கட்ட."

"அப்ப தேங்கா நாருல தாரேன்."

"ஐயையோ, கை செவந்துரும்!"

"கன்னுக்கு ஏது தாயி கை?"

நானே பருத்திக் கயித்த எடுத்து, என் மணிக்கட்டுலயே சுத்தி, ரெண்டு வெரல விட்டுப் பாத்தேன். அவரு என்னையே பாத்தாரு.

"கழுத்துல ரெண்டு சுத்து வரணும், நீளமா எடு."

"கழுத்துல கட்டவே கூடாதுண்ணே! ஆபத்து!"

"பெறகு எங்குட்டுக் கட்டுவ?"

காச வச்சுட்டு ஓடியே வந்துட்டேன்.

வீட்டக் கூட்டி, கதவப் பூட்டி, கட்டுரைய மறுபடி ரெண்டு பேரும் படிச்சு முடிக்கவே ஒரு மணி நேரம். அவரு ரெண்டு கையையும் நீட்டுனாரு. "மெதுவா, என்ன?" கத்திரிக்கோலப் பக்கத்துல எடுத்து வச்சேன். மொத சுத்து போட்டேன்.

வாசல்ல வண்டி ஆரன்!

"தாயீ! கதவத் தொற!"

எங்க மாமனாரோட அண்ணன், கல்லல் பெரிய மாமா. கயித்துக்கடைக்காரரு அவருக்குச் சேக்காளியாம், என்னைய அடையாளம் தெரிஞ்சு உடனே போன் போட்டுட்டாராம். அவசர அவசரமா அவுத்துட்டு ஓடுனோம்.

லோடு ஆட்டோவுல ஒரு செவலைக் கன்னுக்குட்டி நிக்குது.

"கயிறு வாங்கிட்டீக, கன்னு என்கிட்ட கேக்கக் கூடாதா? நான் என்ன அசலா?" மாமாவுக்குக் கண்ணே கலங்கிருச்சு.

எங்க வீட்டுக்காரரு தூணப் புடிச்சுக்கிட்டு மெதுவா, "ரசம்..."ன்னாரு.

"ரசம் மட்டும் போதுமாப்பா? கொழம்பும் வைக்கச் சொல்லு, சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டே போறேன்!"ன்னு செருப்பக் கழட்டுனாரு மாமா. போச்சு, எங்க ஞாயித்துக்கிழமை!

என் கையில இருந்த கயித்த மாமாவே வாங்கிட்டுப் போயி, கன்னுக்குட்டியக் கொல்லையில கட்டிப்புட்டாரு. அது ஒரே கத்தல்.

பின்ன கத்தாதா? இந்த வீட்டுல அதுகிட்ட மட்டுந்தான் யாரும் சம்மதம் கேக்கல.