எஞ்சின் கொட்டகை வெந்நீர்

அன்பு மருமகன் கோகிலனுக்கு, ஈப்போவிலிருந்து உன் தாய்மாமன் சின்னையா ஆசி கூறி எழுதுவது. மூட்டுவலி நீங்கலாக நானும் உன் அத்தை செல்லாயியும் நலம். உன் நலம் கேட்க மூன்று வாரமாகப் போன் அடிக்கிறேன். மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

உங்கள் மின் நிலையத்துக் குடும்ப நாளில் நான் செய்தது தப்புதான். ஆனால் என் பக்கமும் கேள். உன் மேலதிகாரி தினேஸ்வரி அம்மா எங்கள் தலையில் ஆளுக்கொரு பாதுகாப்புத் தொப்பியை மாட்டி, கேஸை எரித்து முதல் டர்பைனைச் சுற்றுகிறோம், அதிலிருந்து வெளியேறும் சூட்டை வீணாக்காமல் தண்ணீரைக் கொதிக்க வைத்து அந்த நீராவியில் இரண்டாவது டர்பைனையும் சுற்றுகிறோம், இதற்குப் பெயர் கூட்டுச் சுழற்சி, மேகம் மூடிச் சோலார் படுத்துவிட்டாலும் உங்கள் வீட்டு ஃபேன் நிற்காமல் ஓடுவது இதனால்தான் என்று சொல்லிக்கொண்டே வந்து, "ஒரு நெருப்பு, ரெண்டு வேலை" என்றார் பார், அங்கேதான் எனக்குத் தாங்கவில்லை. "இதை நான் எழுபத்தாறுலயே செஞ்சுட்டேன்லா!" என்று கத்திவிட்டேன். அவர் சிரித்தார். உடனே பையிலிருந்து, எஞ்சின் சூட்டில் வெந்நீர் போட்டதற்காக எஸ்டேட் துரை அப்போது எனக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தை, லேமினேட் பண்ணி வைத்திருக்கிறேனே, அதை எடுத்து எல்லோர் முன்னிலையிலும் வாசித்தேன். இங்கேயே மாட்டுங்கள் என்றேன். ஒரு வாளி வெந்நீர் பிடிக்கக் குழாய் எங்கே என்றும் கேட்டேன். சாப்பாட்டு வரிசையிலும் அதே பேச்சு, தொப்பி பிரியாணிச் சட்டிக்குள் விழும்வரை. "மாமா, போதும்லா" என்று நீ சொன்னபோதே நிறுத்தியிருக்கணும். இப்போ அங்கே எல்லாரும் உன்னை 'வாளி'ன்னு கூப்பிடுறாங்களாம், உன் அம்மா சொன்னா.

ஆனா மாப்ளே, அது வெறும் பெருமை இல்ல. தாப்பா பக்கத்து எஸ்டேட்ல, கரண்ட் எடுக்கிற எஞ்சினுக்கு நான் டிரைவர். சாயங்காலம் ஆறரைக்கு நான் கைப்பிடியைச் சுத்தினாத்தான் தொழிலாளர் லயத்துல விளக்கு. புகைக்குழாய்ச் சூடு சும்மா போகுதேன்னு குழாயைத் தண்ணி டிரம்முக்குள்ள விட்டேன். யார் வேணா வெந்நீர் பிடிச்சுக்கலாம்னேன். செல்லாயி மட்டும்தான் வந்தா. அம்மாவுக்குக் கால்வலி, ஒத்தடம் கொடுக்கணும்னு ஒரு வாளி. மறுநாளும் ஒரு வாளி. எட்டு மாசம். வாளி நிறையுற நேரம்தான் நாங்க பேசிக்கிட்டது. துரை பார்த்துட்டு டிரம்மைத் தூக்கச் சொல்லி அந்தக் கடிதத்தைக் கொடுத்தாரு. அதுக்குள்ள கல்யாணம் பேசியாச்சு. இப்ப அங்கே எல்லாம் எண்ணெய்ச் செம்பனை மரம், கொட்டகை இருந்த இடம்கூடத் தெரியல. உங்க மின் நிலையத்துல அந்தச் சூடு மூஞ்சியில அடிச்சதும் மறுபடி கொட்டகையில நிக்கிற மாதிரியே இருந்துச்சு. கண்ணு கலங்கிருச்சு. அதை மறைக்கத்தான் கத்தினேன்.

தீபாவளிக்கு வந்துவிடப்பா. நீ வராவிட்டால் இந்த வீட்டில் பலகாரம் எனக்கு இறங்காது. உன் இரண்டு டர்பைனும் தடையில்லாமல் சுற்ற முருகன் துணையிருப்பான்.

இப்படிக்கு,
கூட்டுச் சுழற்சியை முதலில் கண்டுபிடித்த உன் மாமன்,
சின்னையா

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் உன் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அந்தத் தண்ணீர் ஒருநாளும் சுட்டதே இல்லையாம். போகிற வழியில் வாழை மரத்துக்கு ஊற்றிவிட்டுத்தான் போவாளாம். அவள் அம்மாவுக்குக் கால்வலியே இருந்ததில்லையாம். ஐம்பது வருஷமாக வாயைத் திறக்கவில்லை பார். துரை கடிதத்தை மாட்ட வேண்டாம் என்று தினேஸ்வரி அம்மாவிடம் சொல்லிவிடு. நீ மட்டும் கட்டாயம் வா. இவள் இன்னும் என்னென்ன மறைத்து வைத்திருக்கிறாளோ, தனியாகக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.