பெருச்சாளிக்குக் கண் எதற்கு

இந்தக் கதையில் நீங்கள் சிரிக்கப்போவது உறுதி. ஆனால் இப்போது இல்லை. கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் ஒரு ஸ்கூட்டி, ஒரு குருட்டுப் பெருச்சாளி, என் தொண்டை, இந்த மூன்றையும் அறிமுகப்படுத்த வேண்டும்.

ஸ்கூட்டி எங்கள் வாசலில் எட்டு மாதமாகப் போர்வை போர்த்திப் படுத்திருந்தது. வாங்கியது அம்மாவுக்காக. அம்மா தனம், டீச்சர். மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகர் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் ரெண்டு ஷேர் ஆட்டோ மாறிப் போகிறவள். சாவி மட்டும் அப்பாவின் சட்டைப்பையில்.

"ஓட்டக் கத்துக்கறேங்க."

"நீ கீழ விழுந்தா வண்டி என்னாகும்?"

அப்பா நடனசபாபதி கோர்ட்டில் கிளார்க். பிரிவு எண் சொன்னால் எதையும் நம்புவார்.

தொண்டை என்னுடையது. அதில் ஏழெட்டுப் பேர் வாடகை தராமல் குடியிருக்கிறார்கள். அப்பா, எங்கள் ஹெச்.எம்., மீன்காரம்மா, அப்புறம் சிதம்பரத்தில் இன்ஜினீயரிங் படிக்கிற பெரியம்மா மகன் ஹரிஷ் அண்ணன்.

பெருச்சாளி வந்தது ஹரிஷ் அண்ணனோடு. 2009 பொங்கல் லீவுக்கு ஒரு விளையாட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். கட்டம் போட்ட தாள், இருபது முகப் பகடை, செங்கல் மாதிரி ஒரு விதிப்புத்தகம். ஆளுக்கொரு வேஷம், சண்டை, நடுவில் ஒரு நடுவர். அப்பா அந்தப் புத்தகத்தை வழக்குக் கட்டு மாதிரி மூன்று நாள் படித்தார். நாலாம் நாள் பந்தயம் கட்டினார்.

"தனம், நான் ஜெயிச்சா நீ சாவிப் பேச்சே எடுக்கக் கூடாது. நீ ஜெயிச்சா சாவி உனக்கு. நான் மாயத் திருடன். கண்ணுக்கே தெரிய மாட்டேன்."

"அப்போ நான் குருட்டுப் பெருச்சாளி. கண்ணே கிடையாது. நீங்க தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன?"

"அதுக்கு அதிர்வுதான் தெரியும். கால் தரையில பட்டாதான் கட்டம் புரியும். நான் பறக்கற செருப்பு போட்டிருக்கேன்ல."

"மூக்கு இருக்கே."

"மோப்பம், பக்கத்துல ஆள் இருக்குன்னு மட்டும் சொல்லும். எந்தக் கட்டம்னு சொல்லாது. நீ காத்தைத்தான் கடிக்கணும்."

மாயமான ஆள் தன் பொம்மையைத் தாளில் வைக்க வேண்டியதில்லை. எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்று நடுவரிடம் மட்டும் சொன்னால் போதும். நடுவர் ஹரிஷ் லீவு முடிந்து, புத்தகத்தோடு ஹாஸ்டலுக்குப் போயாயிற்று. ஆகவே ஞாயிற்றுக்கிழமை, செல்போனில் தீர்ப்பு.

அம்மா எதிர்வாதம் ஏதும் செய்யவில்லை. சமையல்கட்டில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சுவாதி, ஹரிஷ் மாதிரி பேசுவியே, இப்பவும் வருதா?"

இன்னும் சிரிக்காதீர்கள்.

சனிக்கிழமை அப்பா குளிக்கப் போனதும் அவர் போனிலேயே ஹரிஷைக் கூப்பிட்டேன். அப்பா குரலில், "நாளைக்கு ஆட்டம் வேணாம்டா. ஒரே தலவலி. பேசினாலே இடிக்குது, போன் பண்ணாத" என்றேன். பிறகு அதே போனில், ஹரிஷ் பெயருக்கு நேரே அம்மாவின் நம்பரைப் போட்டேன்.

ஞாயிறு காலை கூடத்தில் தாள் விரிந்தது. கட்டம் சொல்ல அப்பா மொட்டைமாடிக்கு ஏறினார். நான் அம்மாவின் போனோடு கொல்லைப்புறத்தில் நின்றேன்.

"டேய் ஹரிஷ், ஏழாவது வரிசை, மூணாவது கட்டம். சித்திகிட்ட மூச்சு விட்டுடாத."

"விடுவனா சித்தப்பா."

அவர் படியிறங்குவதற்குள் செய்தி அம்மா காதுக்குப் போய்விட்டது. பெருச்சாளி நேரே அந்தக் கட்டத்துக்குப் போய்க் கடித்தது. கட்டம் தெரிந்தாலும் மாய ஆள்மேல் பாதிக் கடி வீணாகும், அதைப் பகடைதான் முடிவு செய்யும். பகடையும் எட்டு மாதம் ஷேர் ஆட்டோவில் நசுங்கியிருக்க வேண்டும், அம்மா பக்கமே விழுந்தது.

ஒவ்வொரு கடிக்குப் பிறகும் அப்பா மாடியேறிப் புதுக் கட்டம் சொல்லிவிட்டு வந்தார். மூன்றாவது கடியில் அவருக்கு வேர்த்தது.

"எப்படிடீ தெரியுது?"

"மோப்பந்தாங்க."

அப்பா மறுபடி மாடிக்கு ஓடினார். "ஹரிஷ், இது அநியாயம்டா. மோப்பம் கட்டம் சொல்லுமா?"

நான் பழைய காலண்டரைப் போன் பக்கத்தில் சரசரவென்று புரட்டினேன். "இருங்க சித்தப்பா. பிரிவு பன்னெண்டு, உட்பிரிவு ஆ. பத்து வருஷத்துக்கு மேல ஒரே வீட்டுல இருந்த ஆளுங்களுக்கு மோப்பம் கட்டத்தையும் சொல்லும்."



"உட்பிரிவு ஆ-வா?"

"ஆமா சித்தப்பா."

"அப்போ சரி."

ஐந்தாவது கடியில் மாயத் திருடன் காலி. அம்மா கையை நீட்டினாள். அப்பா சட்டைப்பையைத் தடவித் தடவி, இல்லாத சில்லறையெல்லாம் எடுத்த பிறகு சாவியை எடுத்தார். அன்று சாயங்காலமே போர்வை துணி துவைக்கிற கல்லுக்குப் போயிற்று, வண்டி கடற்கரை ரோட்டுக்குப் போயிற்று. வியாழக்கிழமைக்குள் அம்மா இரண்டு காலையும் மேலே வைத்து ஓட்டினாள். வெள்ளிக்கிழமை ஒரு ஷேர் ஆட்டோவை முந்தினாள். பின்சீட்டில் நான்தான் இருந்தேன். ஆட்டோக்காரருக்கு டாட்டா காட்டினேன்.

அடுத்த ஞாயிறு ஹரிஷ் வந்தான். அம்மா வண்டியோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள்.

"தலவலி தேவலையா சித்தப்பா?"

"எனக்கேதுடா தலவலி?"

"நீங்கதான போன் பண்ணி, ஆட்டம் வேணாம், பேசினாலே இடிக்குதுன்னீங்க."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"அப்போ எங்கிட்ட உட்பிரிவு ஆ சொன்னது யாருடா?"

ஹரிஷ் விழித்தான். பாவம், அவனுக்காக அவன் குரலிலேயே நான் பதில் சொன்னேன்.

"நான்தான் சித்தப்பா."