எல்லோருக்கும் ஐந்து மார்க்

பிள்ளைகள் என்ன படித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் தேர்வு வைக்கிறோம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். தேர்வு எதையோ ஒன்றை அளக்கும், அதில் சந்தேகமில்லை. மூன்று பக்கம் எழுதச் சொன்னால் கை வலிக்காதவனை அளக்கும். எழுந்து நின்று ஒப்பிக்கச் சொன்னால் கூச்சமில்லாதவனை அளக்கும். நான் ஒரு முறை வைத்த தேர்வு அளந்த விஷயத்துக்கு ஊரே சேர்ந்து என்னை வெளுத்திருக்க வேண்டும். வெளுக்காமல் விட்டது அவர்கள் பெருந்தன்மை.

அப்போது நான் ஆசிரியர் பயிற்சி முடித்துச் சூடாக வெளியே வந்திருந்தேன். திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் உதவிபெறும் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வாத்தியார். ஊர் மிராசுதார்தான் பள்ளிக்கூடத்துக்குத் தாளாளர். எனக்கு வேலை தற்காலிகம், சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நடை மட்டும் கல்வி மந்திரி நடை. (மூக்குக்கண்ணாடி வேறு. பவர் கிடையாது, சும்மா கண்ணாடி.)

நான் போய்ச் சேர்ந்தபோது ஊராட்சித் தேர்தல் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சூடு மட்டும் ஆறவில்லை. மிராசுதாரின் மச்சான் குடைச் சின்னத்தில் நின்று தோற்றிருந்தார். விவசாயச் சங்கத்து ஆள் நெற்கதிரில் நின்று ஜெயித்திருந்தார். கழகத்துக்காரருக்கு விளக்கு. போன தேர்தலில் கழகத்தோடு இருந்து இந்த முறை கோபித்துக்கொண்டு தனியாக நின்ற ஒருவருக்குச் சைக்கிள். மிராசுதாருக்கு மச்சான் தோற்றதில்கூட அவ்வளவு வருத்தமில்லை. அவருடைய மனையில் குடிசை போட்டு, அவருடைய வயலில் வேலை செய்த தெற்குத் தெருக்காரர்கள் அத்தனை பேரும் கற்பூரம் அடித்துக் குடைக்கு என்று சத்தியம் செய்திருந்தார்கள். பெட்டியைத் திறந்தால் கணக்கு உதைத்தது. எவனெவன் கதிருக்குப் போட்டான் என்று தெரிந்தால் போதும், குறுவை அறுப்புக்கு வெளியூர் ஆளை இறக்கிவிட்டு அந்தக் குடும்பத்தை மனையைவிட்டே கிளப்பிவிடுவேன் என்று அவர் கருவிக்கொண்டிருந்தார். கேட்டால் தெருவே ஒரே குரலில் குடை என்றது. இதெல்லாம் என் காதிலும் விழுந்தது. ஆனால் என் மூளை முழுக்கக் கல்வி உளவியல் அடைத்துக் கிடந்ததே, வேறு விஷயத்துக்கு அதில் ஏது இடம்?

காலாண்டுத் தேர்வு வந்தது. கேள்வி கேட்டு நாலு வரி எழுதச் சொல்வதெல்லாம் கற்காலத்துப் பழக்கம் என்று பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு ஒரு விரிவுரையாளர் ஓதியிருந்தார். ஒரு கேள்வி, நாலு விடை, சரியானதில் ஒரு குறி. அதுதான் விஞ்ஞானமாம். நாலு விடைக்கும் அ, ஆ, இ, ஈ என்று போட்டால் பிள்ளைகள் சோம்பேறித்தனமாக அ-வையே குறிப்பார்கள், படம் போடுங்கள் என்றும் சொல்லியிருந்தார். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். (அந்த மனுஷன் ஒரு நாளாவது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மழைக்காவது ஒதுங்கியிருப்பாரா என்பது என் நெடுநாள் சந்தேகம்.)

பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த படம் எது? பள்ளிக்கூடச் சுவரைப் பார்த்தேன். குடை, கதிர், விளக்கு, சைக்கிள். தேர்தலுக்கு வரைந்தது அழியாமல் பளிச்சென்று இருந்தது. ஆஹா என்று அப்படியே எடுத்துக்கொண்டேன். தேர்தல் சின்னம் என்று தெரியாமல் இல்லை. ஓட்டுப் போடுகிற வயதா அதுகளுக்கு என்பது என் வாதம்.

இருபது கேள்வி. எந்தப் படத்துக்கும் பாரபட்சம் கூடாது என்பதால் ஒவ்வொரு படத்திலும் சரியான விடை ஐந்து ஐந்தாக வருகிற மாதிரி பங்கு வைத்தேன். தேர்வன்று வகுப்பின் நடுவில் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒரு படத்தில்தான் குறி போட வேண்டும், இரண்டில் போட்டால் செல்லாது, பக்கத்திலிருப்பவனுக்குக் காட்டக் கூடாது, மடித்து இந்தப் பெட்டிக்குள் போட வேண்டும் என்றேன். ஏதோ புதிதாகச் சொல்கிறேன் என்று எனக்கு நினைப்பு. அந்தப் பிள்ளைகளோ எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சின்னத்தைக் காட்டிக் காட்டி ஒரு மாதம் பழக்கியவர்கள். கால்மணி நேரத்தில் எல்லாம் முடித்துவிட்டு, கேள்வியைப் படித்த களைப்பே முகத்தில் இல்லாமல், வரிசையாக வந்து பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள்.

திருத்த உட்கார்ந்தேன். முதல் தாளுக்கு ஐந்து மார்க். அடுத்ததற்கும் ஐந்து. அதற்கடுத்ததும் ஐந்து. பாடம் நடத்தும்போது வாயை மூடாமல் பதில் சொல்லும் மல்லிகாவுக்கும் ஐந்து, மூன்று வருஷமாக ஐந்தாம் வகுப்பிலேயே குடியிருந்தவனுக்கும் ஐந்து. ஒரே ஒருவனுக்கு மட்டும் ஏழு. சைக்கிளில் நின்றவரின் மகன் அவன். பத்துக் கேள்வி வரைக்கும் விளக்கு, அதற்குமேல் சைக்கிள். அவன் வீட்டு அரசியல் அப்படி.

மண்டையில் களிமண் இருந்தால்கூட அதில் ஏதாவது முளைத்திருக்கும். எனக்கு ஒன்றும் முளைக்கவில்லை. ஒவ்வொரு தாளிலும் மேலிருந்து கீழ்வரை ஒரே படத்தில் குறி விழுந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அடடா, வகுப்பு முழுக்க ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டதே, ஏற்றத்தாழ்வே இல்லையே என்று பூரித்துப்போனேன். தாளாளரிடம் காட்டிப் பாராட்டு வாங்கலாம் என்று தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு மிராசுதார் வீட்டுக்கும் போனேன்.

அவர் மார்க்கைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தார். இந்தப் பிள்ளையின் அப்பன் யார், இது யார் வீட்டுப் பிள்ளை என்று ஒவ்வொரு தாளாகக் கேட்டார். ஒரு தாளாளர் இவ்வளவு அக்கறையாக இருப்பாரா என்று உருகி, நானும் தெற்குத் தெருவில் குடிசை குடிசையாக விலாவாரியாகச் சொன்னேன். பாதிக் கட்டு தாண்டியதும் அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வாத்தியாரே, ஆறு மாசமா ஆள் விட்டு விசாரிச்சேன், ஒரு பய வாயத் தொறக்கல. நீங்க ஒரே நாள்ல கறந்துட்டீங்களே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குறுவை அறுப்புக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. என் கையெழுத்தோடு, நான் வரைந்த படத்தோடு, அந்தத் தெருவின் சோறு அவர் மடியில் கிடந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் வாய்க்கு வந்ததை உளறினேன். ஒரே தேர்வை வைத்து முடிவு கட்டக் கூடாது ஐயா, மறுபடியும் வைத்து அதே விடை வந்தால்தான் செல்லுபடியாகும், பயிற்சிப் பள்ளியில் அப்படித்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள் என்றேன். (அந்த விரிவுரையாளர் சொன்னதில் உருப்படியாகப் பயன்பட்டது இது ஒன்றுதான்.)

"அப்படியா? சரி, நாளைக்கே வைங்க. நானே வந்து உக்காந்து பாக்கறேன்" என்றார்.

நேரே தெற்குத் தெருவுக்கு ஓடினேன். மல்லிகாவின் அம்மா அஞ்சலை அப்போதுதான் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"புள்ளைங்க படிச்சிருக்கான்னு பாக்கத்தானே சார் பரீச்சை வச்சீங்க?"

"ஆமாங்க."

"படிச்சிருக்கா?"

தெரியவில்லை என்றேன். பக்கத்தில் நின்ற மல்லிகாவிடம், மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிற மாதிரி, காவிரி எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டேன். குடகு மலையில் என்று ஆரம்பித்து, வழியில் உள்ள அணையெல்லாம் சொல்லி, கடலில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் நிறுத்தினாள். அப்புறம் ஏன் கதிரில் குறி போட்டாய் என்றதற்கு, "அதுக்குத்தானே சார் போடணும்? யார்கிட்டயும் காட்டாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள்.

"பாத்தீங்களா சார், எங்க புள்ளைக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல" என்றாள் அஞ்சலை. "உங்களுக்குத்தான் கேக்கத் தெரியல. போங்க. நாளைக்கு நாங்க பாத்துக்கறோம்."

மறுநாள் மிராசுதார் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அதே இருபது கேள்வி, அதே படங்கள். பிள்ளைகள் அதே கால்மணி நேரத்தில் முடித்துப் பெட்டியில் போட்டார்கள். அவரே பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். குடை. குடை. குடை. தெற்குத் தெரு முழுக்கக் குடை. சொல்லிவைத்தது அடுத்தடுத்த தெருவுக்கும் பரவியிருக்கிறது, கழகத்துக்காரர் பிள்ளைகளும் குடை. சைக்கிள்காரர் மகன்கூட இந்த முறை கட்சி மாறாமல் கடைசிவரை குடை. கதிரில் நின்று ஜெயித்த சங்கத்து ஆளின் மகனுடைய தாளைக் கையில் எடுத்தார். அதிலும் குடை.

அந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"ஜெயிச்சவன் மகனே குடைக்குப் போட்டிருக்கான். ஊரே குடைக்குப் போட்டிருக்கு. அப்ப என் மச்சான் எப்படிய்யா தோத்தான்?"

எனக்கு மட்டும் என்ன தெரியும்? இரண்டு நாள் தாளையும் சேர்த்துச் சுருட்டி என் முகத்தில் எறிந்தார். இதெல்லாம் ஒரு பரீட்சை, நீயெல்லாம் ஒரு வாத்தியார் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டுமே சரியான வார்த்தை. யாரையும் தனியாகப் பிரிக்க முடியாததால், அடுத்த வாரம் அறுப்புக்குத் தெற்குத் தெரு மொத்தத்தையும் கூப்பிட வேண்டியதாயிற்று. என்னைத்தான் கூப்பிடவில்லை. காலாண்டு விடுமுறை முடிந்து போனபோது என் நாற்காலியில் அவருடைய தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

கிளம்புமுன் அந்த இரண்டாவது கட்டையும் திருத்திப் பார்த்தேன். (புத்தி வந்துவிட்டது என்று நினைத்தீர்களா?) எல்லோருக்கும் மறுபடியும் ஐந்து மார்க், ஏழு வாங்கியவன்கூட வரிசைக்கு வந்திருந்தான். இரண்டு தரம் வைத்து இரண்டு தரமும் ஒரே முடிவு வந்தால் அது நம்பகமான தேர்வு என்பது அந்த விரிவுரையாளரின் இலக்கணம். அந்தக் கணக்குப்படி தஞ்சாவூர் ஜில்லாவிலேயே அவ்வளவு நம்பகமான தேர்வை வேறு யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

பிற்பாடு எனக்கு அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. ஒரு தேர்தலில், என் கெட்ட நேரம், அதே ஊர் வாக்குச்சாவடிக்கே டியூட்டி போட்டார்கள். அஞ்சலை வரிசையில் வந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். மை வைத்துக்கொண்டு, மறைவுக்குள் போய்க் குத்திவிட்டு வந்து, சீட்டைப் பெட்டியில் போடாமல் என் முன்னால் நின்றாள்.

"இதுக்கும் மார்க்கு போடுவீங்களா சார்?"

குடையும் கதிருமாக எதிரெதிரே உட்கார்ந்திருந்த ஏஜென்டுகள் அன்று முதல் தடவையாக ஒன்றாகச் சிரித்தார்கள். மை வைத்த சக ஆசிரியர் விவரம் கேட்டார், நானும் சொல்லித் தொலைத்தேன், அவர் நேரே என் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் ஒப்பித்துவிட்டார்.

அன்றோடு போயிற்று என் மரியாதை. இன்றைக்கும் டப்பாவில் இருந்த கடைசி முறுக்கை யார் எடுத்தது என்று நான் கேட்டால், மனைவி, மகன், மகள், இப்போது பேத்தி உட்பட, ஒருவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆளுக்கொரு மூலையிலிருந்து ஒரே பதில்தான் வரும்.

"குடை."