தங்க ஊர்

எங்கே பிறப்பது என்பதும் எங்கே சாவது என்பதும் மனிதன் கையில் இல்லை. நடுவில் எங்கே தங்குவது என்பது ஒன்றுதான் அவன் கையில் இருக்கிறது. மலை உச்சியில் பழைய அரண்மனையும் அதைச் சுற்றிச் சில தெருக்களும் உள்ள அந்த ஊரில் அதுவும் தங்குமிட ஆலோசகரின் கையில் இருந்தது.

அரண்மனை வாசலுக்கு எதிரே சுற்றுலா அலுவலகம். அதன் கண்ணாடிக் கவுண்டருக்குள் அவர் உட்கார்ந்திருப்பார். பெட்டியை இழுத்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வருகிறவர்களை நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார். அந்த ஒரு பார்வையிலேயே அவர்களுடைய முழங்கால், முதுகு, தாம்பத்தியம் மூன்றின் நிலவரமும் அவருக்குப் புரிந்துவிடும்.

"அரண்மனையிலயே ரூம் தர்றாங்களாமே. அங்கயே தங்கிடலாமா?"

"தாராளமா. ஆனா அரண்மனையில தங்கினா அரண்மனை தெரியாது சார்."

"அப்ப என்ன பண்றது?"

"எதிர்ல இருக்கிற லாட்ஜ்ல தங்குங்க. அரண்மனை முழுசாத் தெரியும். லாட்ஜ் தெரியாது. அது இன்னும் நல்லது."

இந்த ஞானமெல்லாம் படித்து வருவதில்லை. அவருக்கு வந்திருந்தது. கூடவே ஒரு பலவீனமும் இருந்தது. மேலதிகாரி யாராவது "யோசனை சொல்லுங்க" என்று கேட்டுவிட்டால் அவரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

தங்குமிட மேம்பாட்டுக் குழுவின் கூட்டத்தில் இயக்குநர் அதைத்தான் கேட்டார். இயக்குநர் தலைநகரத்திலிருந்து வருகிறவர். வரும்போதெல்லாம் மலையடிவாரத்தில் லிப்ட் வைத்துக் கட்டிய புது ஓட்டலில்தான் தங்குவார். பாரம்பரியத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால்தான் திட்டமிட முடியும் என்பது அவருடைய கொள்கை.

"ரூம் இல்லைன்னு ஜனங்க திரும்பிப் போறாங்க. நாட்டுக்கே அவமானம். யாராவது யோசனை சொல்லுங்க."

ஆலோசகர் எழுந்தார். "சார், இந்தத் தெருவுல இருக்கிறவங்க சாயங்காலமானா சன்னலைத் தொறந்து வச்சுட்டு அரண்மனைப் பக்கம் முதுகைக் காட்டி டிவி பார்க்கிறாங்க. வெளியூர்க்காரங்க அந்தச் சன்னலுக்காகத் தவம் கிடக்கிறாங்க."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "உள்ளூர்வாசிகளால் வீணடிக்கப்படும் காட்சிகளை மீட்டெடுப்பது" என்ற தீர்மானம் ஒரு மனதாக நிறைவேறியது. திட்டத்துக்குப் "பாரம்பரிய வாசம்" என்று பெயர் வைத்தவரும் ஆலோசகர்தான். அன்று மாலை டிவியில் அவர் பேட்டி வந்தது. ஒவ்வொரு சன்னலும் நாட்டின் சொத்து என்று அதில் சொன்னார்.

காட்சிகள் மளமளவென்று மீட்கப்பட்டன. முதலில் ரொட்டிக்கடைக்காரர் வீடு காலியாகி விருந்தினர் அறையானது, அப்புறம் அரண்மனைக் காவலர்களின் வீடுகள், அப்புறம் பிள்ளைகள் குறைந்துபோன பள்ளிக்கூடம். கரும்பலகைக்குக் கீழே கட்டில் போட்டதும் அதற்கு மட்டும் தனி வரவேற்பு. ஆலோசகர் ஒவ்வொரு திறப்பு விழாவிலும் ரிப்பனுக்குப் பக்கத்தில் நின்றார்.

ஒரு சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது அவருடைய நாற்காலியில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். மனைவிக்குப் பெரியம்மா, அந்த வீட்டுக்குச் சொந்தக்காரி. கல்யாணமான நாளிலிருந்து ஆலோசகர் அங்கேதான் வாடகைக்கு இருந்தார்.

"வாங்க மாப்ளே. நீங்க டிவியில பேசினதைப் பார்த்தேன். எனக்கு மெய்சிலிர்த்துப் போச்சு. இன்னைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்."

"எதுக்குப் பெரியம்மா?"

"இந்த வீட்டுலயும் சன்னல் இருக்குல்ல."

"அது... நான் பொதுவாச் சொன்னது."

"பொதுவாச் சொன்னதுக்குள்ளதானே நாமளும் வர்றோம். நாட்டுச் சொத்தைப் பூட்டி வச்சுக்கிட்டான்னு நாளைக்கு உங்களை ஒருத்தன் ஒரு சொல் சொல்லக் கூடாது பாருங்க. நான் என் மகன்கிட்டப் போயிடறேன். நீங்க இந்த மாசக் கடைசிக்குள்ள வேற இடம் பார்த்துக்கிட்டாப் போதும்."

ஆலோசகர் மனைவியைப் பார்த்தார். தையல் மெஷினில் குனிந்திருந்த அவர் மனைவி, பல்லில் கடித்திருந்த நூலை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"ஊருக்கெல்லாம் வாசம். நமக்கு வனவாசம்."

ஊரில் யாருக்கு எந்த அறை பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர், தனக்கு ஓர் இடம் தேடித் தெருத்தெருவாக நடந்தார். ஒவ்வொரு கதவையும் ஒரு விருந்தினர் திறந்து, துண்டைத் தோளில் போட்டபடி, "டீ கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். கடைசியில் மலையடிவாரத்தில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள் கிடைத்தன.

"இங்க இருந்து பாரு, மலை மொத்தமும் தெரியுது" என்றார் மனைவியிடம்.

"மலை மேல இருந்தப்ப இந்த இடம் தெரியலை. அது எவ்வளவோ நல்லா இருந்துச்சு."

தையல் மெஷினை அவளால் கொண்டுவர முடியவில்லை. அது வீட்டோடு சேர்ந்த "அழகியல் பொருள்" என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டார்கள்.

இதற்குள் திட்டத்துக்கு ஒரு சோதனை வந்தது. விருந்தினர்கள் குறை சொன்னார்கள். கட்டில் நன்றாக இருக்கிறது, வெந்நீர் வருகிறது, சன்னலில் அரண்மனையும் இருக்கிறது. ஆனால் தெருவில் ஒரு மனுசர் இல்லை, அருங்காட்சியகத்தில் படுத்த மாதிரி இருக்கிறது என்றார்கள். அவசரக் கூட்டம் கூடியது. இயக்குநர் மேசையைத் தட்டி, "வீடு இருக்கு. வீட்டுக்கு உயிர் வேணும். யோசனை" என்றார்.

இந்தத் தடவை ஆலோசகர் வாயை இறுக மூடிக்கொண்டார். அதனால் இயக்குநரே யோசிக்க வேண்டியதாயிற்று. காலி செய்து போன குடும்பங்களையே "பகல்நேரக் குடியிருப்போர்" என்று வேலைக்கு எடுப்பது. காலை பஸ்ஸில் அவர்கள் மேலே வந்து அவரவர் வீட்டில் வாழ வேண்டியது. பொழுது சாய்ந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்க வேண்டியது. இரவும் வாழ அனுமதித்தால் குளியலறை விஷயத்தில் நிர்வாகச் சிக்கல் வரும்.

ஆலோசகரின் மனைவிக்கு அவள் வீட்டிலேயே வேலை கிடைத்தது. பதவியின் பெயர்: இல்லத்தரசி (தற்காலிகம்). நேர்முகத் தேர்வில் அவளைக் கேள்வி கேட்க வேண்டிய குழுவில் அவள் கணவரும் இருந்தார்.

"முன் அனுபவம் உண்டா?" என்று கேட்டார் இயக்குநர்.

அவள் கணவரைப் பார்த்தாள். "அவரையே கேளுங்க."

தையல் மெஷின் முன்னால் அவளை உட்கார வைத்தார்கள். மெஷினை மிதிக்கலாம், நூல் கோக்கக் கூடாது. நூல் பிசிறு ஒட்டினால் விருந்தினர் படுக்கை விரிப்பு பாழாகிவிடும். அவள் நாள் முழுவதும் வெறும் மெஷினை மிதித்தாள். மதியச் சாப்பாட்டுக்கு ஆலோசகர் வருவார். அவர் குடும்பத் தலைவர் (பகுதி நேரம்).

ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் அவள் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். "நான் இந்த வீட்டுல எந்த மூலையில என்ன வச்சேன்னு இருட்டுல கூடச் சொல்லுவேன். இப்ப தண்ணி குடிக்க டம்ளர் எடுக்கிறதுக்கு உள்ள இருக்கிறவங்களைக் கேட்கணும். உங்களுக்கு அன்னைக்கு அந்த வாய் எதுக்குத் தொறந்துச்சு?"

அவள் அழுதாள். சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்க அழுதாள்.

கட்டிலில் சாய்ந்திருந்த விருந்தினர் தம்பதி அதுவரை மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ரொம்ப இயல்பா இருக்கு. நாளைக்கும் இதே சண்டை உண்டா? எங்க அத்தை வர்றாங்க" என்று அந்தப் பெண் கேட்டாள்.

ஆலோசகர் கை கழுவப் போனார். குளியலறை பூட்டியிருந்தது. சோற்றுக் கையோடு அவர் வெகுநேரம் அங்கேயே நின்றார்.

இத்தனை உழைப்பும் வீண் போகவில்லை. தங்குவதற்கு மிகச் சிறந்த ஊருக்கான "தங்க ஊர்" விருது அந்த ஊருக்கே வந்தது. அது தங்கமா, தங்கவா என்று யாரும் கேட்கவில்லை. நடுவராக வந்த அம்மையார் பகல் முழுவதும் வீடு வீடாகப் போய்ப் பார்த்திருந்தார். ஒரு வீட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள், ஒரு வீட்டில் சீட்டாடினார்கள், ஒரு வீட்டில் தாத்தா ஒருவர் இருமிக்கொண்டிருந்தார். இவ்வளவு உயிருள்ள ஊரைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று அவர் நாத்தழுதழுக்கச் சொன்னார்.

விழா அரண்மனை மண்டபத்தில் நடந்தது. ஊரே திரண்டு வந்திருந்தது. கூட்டம் நிறையத் தெரிய வேண்டும் என்று பகல்நேரக் குடியிருப்போர் அத்தனை பேரையும் வரச் சொல்லியிருந்தார்கள். "ஒரு தடவை வந்தவர்களுக்குப் போக மனமே வராத ஊர்" என்று பாராட்டுரையை வாசித்து முடித்த அம்மையார், விருதை அதிகாரிகள் வாங்கக் கூடாது, சாதாரணக் குடியிருப்பாளர் ஒருவர்தான் வாங்க வேண்டும் என்றார். இயக்குநர் கூட்டத்தைத் துழாவி, சண்டைக்குப் பேர் போன ஆலோசகரின் மனைவியைக் கை காட்டினார்.

அவள் மேடையேறி விருதை வாங்கினாள். பித்தளையில் செய்த குட்டி அரண்மனை. கைதட்டல் அடங்கியதும் மைக்கை அவள் பக்கம் திருப்பினார்கள்.

"இந்த ஊரைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பேசலாம்தான். ஆனா கடைசி பஸ் கிளம்பப் போகுது. அதை விட்டுட்டா ராத்திரி படுக்க எனக்கு இந்த ஊர்ல இடம் இல்லை."

விருதை மேசை மேல் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி நடந்தாள். ரொட்டிக்கடைக்காரர் எழுந்தார். காவலர்கள் எழுந்தார்கள். இருமிக்கொண்டிருந்த தாத்தாவை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். நாற்காலிகள் நகரும் சத்தத்தில் இயக்குநரின் நன்றியுரை யாருக்கும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்டபம் காலியாயிற்று.

அம்மையார் திகைத்துப்போய், மேடையோரம் நின்ற ஆலோசகரைக் கேட்டார்.

"எல்லாரும் எங்கங்க போறாங்க?"

"வீட்டுக்குங்க."

"வீடு இங்கதானே இருக்கு? காலையில இருந்து நான்தான் ஒண்ணொண்ணாப் பார்த்தேனே. எல்லாத்துலயும் ஆள் இருந்தாங்களே."

ஆலோசகர் கவுண்டரில் எல்லாருக்கும் சொல்லுகிற அதே பணிவோடுதான் சொன்னார்.

"அதெல்லாம் ரூமுங்க. உங்களுக்கு ஒண்ணு வேணும்னா சொல்லுங்க, ஆளைக் கீழ இறக்கிவிட்டுட்டுத் தர்றோம்."