மாமா பூசுவித்த வீடு

புங்குடுதீவு,
வெள்ளிக்கிழமை.

மதிப்புக்குரிய சிவபாதம் மாமாவுக்கு, மருமகன் தயாபரன் எழுதுவது.

செய்தி வந்தது செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று பதினேழுக்கு. கனடாவில் உங்களுக்குப் பனி, இங்கே எனக்குப் புழுதி. இரண்டு பேரும் சுகம் என்றே வைத்துக்கொள்வோம்.

யாரோ ஒருவருடைய அத்திவாரத்தை அளக்கப் போய், ஒரு கிழமைக்கு மேல் தங்கி, திரும்பக் காற்றுக்குப் படகு ஓடாமல் நெடுந்தீவு இறங்குதுறையில் மாட்டுப்பட்டு நின்றேன். பக்கத்து வளவு அப்புத்துரை அண்ணை போன் எடுத்தார்.

“தம்பி, வீடு முடிஞ்சுது! சுவரெல்லாம் சீமெந்து பூசி, றோஸ் பெயின்ற்றும் அடிச்சாச்சு. மாமாவின்ர ஏற்பாடு. உமக்குச் சொல்லக்கூடாதெண்டவர்.”

“வேணுமெண்டுதான் பூசாமல் விட்டனான், அண்ணை!”

“ஓமோம். வழியில்லாத ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை.”

மாமா, எத்தனை தரம் விளங்கப்படுத்தினேன். உங்களுடைய இடிந்த வீட்டுச் சுவரையே அரைத்து, மண்ணும் சுண்ணாம்பும் சேர்த்து அச்சில அமத்தின கல்லு அது. சூளையில்லை, விறகில்லை, கூரைக்கும் காற்றுக்கு விழுந்த பனைதான், என்னைப் போல சம்பளக்காரன் கடன்படாமல் கட்டக்கூடிய வீடு, சித்திரை வெயிலுக்கும் உள்ளுக்குக் குளிரும். உங்கட மகள் துஷாந்தினியும் நானும் சேர்ந்து போட்ட பிளான். நீங்கள் வீடியோவில பாத்திட்டு, “என்ர பிள்ளையின்ர வீடு கோவணத்தோட நிக்குது” எண்டியள். நான் சிரிச்சனான். அதைச் சம்மதமெண்டு எடுத்திட்டியள்.

வந்து பாத்தால் வாசலுக்கு மேல ரெண்டு சீமெந்து அன்னம். ஒண்டு தாரா வாத்து மாதிரி இருக்கு. அதையும் பொறுத்தன். ஆனால் குசினியில, அடுப்புக்குப் பக்கத்தில, நாங்கள் அமத்தின முதல் கல்லு இருந்தது. ஈரத்தோட துஷாந்தினி அதில கையைப் பதிச்சவ. “இதை மட்டும் ஒருநாளும் பூசிப்போடாதேங்கோ” எண்டவ. அவவுக்கு நோய் வருத்தம் இருக்கெண்டு தெரியிறதுக்கு முன்னம். அவ போய் வருசம் திரும்பப்போகுது, அந்தக் கை இப்ப சீமெந்துக்குக் கீழ. உளியை எடுத்தன், வைச்சன், திரும்ப எடுத்தன். கொத்தினால் கையும் சேர்ந்து போகும். குசினியால அறைக்கு, அறையால குசினிக்கு நடக்கிறன், சுவரைத் தட்டுறன், தேத்தண்ணி ஊத்துறன், குடிக்க மறக்கிறன்.

ஆகவே மாமா, வீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அன்னங்களோடு. புதுவீட்டுக் குடிபூரல் இல்லை. விமான ரிக்கற் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். மாமிக்கு என் வணக்கம். நயினை அம்மன் உங்களைக் காக்கட்டும், மேசன்மாரையும்தான்.

இப்படிக்கு,
தயாபரன்

பி.கு.: கடித உறையை ஒட்டேக்க குசினியில தடாரெண்டு சத்தம். மேசன்மார் உப்புக் கடற்கரை மணலாலதான் பூசியிருக்கினம் போல. பூச்சு பலகை மாதிரிக் கழண்டு விழுந்து கிடக்கு. கல்லில கை அப்பிடியே இருக்கு. விழுந்த துண்டைப் பிரட்டினன், மாமா. பின்பக்கத்தில, அந்தப் பதிவுக்குள்ள சீமெந்து இறுகி, இன்னொரு கை, அஞ்சு விரலும் புடைச்சுக்கொண்டு, பிடிக்கலாம் போல. அது உங்களுக்கு. அவவின்ர சீலையில சுத்தி வைச்சிருக்கிறன். ரிக்கற்றை மாத்தாதேங்கோ, குடிபூரலுக்கு வாங்கோ. மற்றச் சுவருகளிலும் பூச்சு வெடிக்கத் தொடங்கீட்டுது. அப்புத்துரை அண்ணை திரும்பப் பூசுவிக்கச் சொல்லி உங்களுக்குப் போன் எடுப்பார், நீங்கள் எனக்கு எடுப்பியள். நான் போனை நிப்பாட்டிப்போட்டன்.