கண் திறக்காத கொடிக்காரன்

என் கையெழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன ர, பெரிய ற தகராறும் உண்டு. பத்திரிகைக்காரர்கள் பொறுத்துக்கொண்டு திருத்திப் போட வேண்டும்.

உத்தமபாளையத்தில் எங்கள் பட்டாளத்தாரைப்போலப் பெரிய படை வைத்திருந்தவர் யாரும் கிடையாது. நூற்றிருபது பேர். மொத்தப் படையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கும்.

அவருக்கு நம்பர் பிளேட் எழுதுவது தொழில். ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது உயரம் போதாது என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபத்தில் பழைய பேட்டரி ஈயத்தை உருக்கி, சுண்டுவிரல் உயரத்தில் பாளையக்காரர் படையை வார்த்தார். அதில் உயரம் போதாதவர் என்று ஒருவரும் இல்லை.

வர்ணம் பூசுவதும் அவர்தான். பக்கத்துக் கடையில் பஞ்சர் ஒட்டிய எனக்கு, சிப்பாய்களை நிற்கவைக்கும் வேலை. சோடா மூடியைத் தட்டையாக்கி, பஞ்சர் சொல்யூஷனால் காலை ஒட்டி, சலித்த மண்ணைத் தூவுவேன். ஒருநாள் சோம்பலில் ஆற்று மணலைத் தூவிவிட்டேன்.

"பாளையக்காரன் என்ன வீடா கட்டப்போறான்?" என்று சுரண்டச் சொல்லிவிட்டார். ராயப்பன்பட்டிச் செம்மண்தான் வேண்டுமாம்.

முகங்களில்தான் வம்பு. எல்லாம் ஊர்க்காரர்களின் முகம். தண்ணி டீ கொடுத்த ராவுத்தர் மறுநாளே முதல் வெட்டு விழும் முன்வரிசைக்குப் போனார். கேள்விப்பட்டு அவரே எட்டிப் பார்த்தார்.

"என்னைய ஏம்ப்பா முன்னால நிப்பாட்டிருக்க?"

"டீ திக்கானா பின்னால வரலாம்."

மறுநாள் டீயில் ஸ்பூன் நின்றது. ஆனாலும் இடம் மாறவில்லை. ராவுத்தர் ஓடுகிற ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்.

சாமி சிலைக்குப்போலக் கண்ணை மட்டும், நான் ஒட்டி நிற்கவைத்த பிறகு, கடைசியில்தான் திறப்பார். "நிக்க எடமில்லாதவனுக்குக் கண்ணத் தொறந்தா, வீட்டுக்குப் போற வழியத்தான் பாப்பான்" என்பார்.

நம்பர் பிளேட் எழுத வந்த குமுளி மலையாள டாக்டர் ஒருவர் படையைப் பார்த்துச் சிரித்தார். அவரிடம் வெளிநாட்டு வர்ணம் பூசிய வெள்ளைக்காரக் கும்பினிப் படை இருந்தது. மேசையில் தாயம் உருட்டிச் சண்டை போடுவாராம். நம்முடையது பெயின்ட் அடித்த பொம்மை என்றார். பட்டாளத்தார் அவரை ஞாயிற்றுக்கிழமை கடை வாசலுக்குச் சண்டைக்கு வரச் சொன்னார். டாக்டர் இரண்டு விதி சொன்னார். வேலை முடியாத சிப்பாய் இறங்கக் கூடாது. கொடிக்காரன் இல்லாத படை தோற்ற படை.

அன்று ஊரே கடை வாசலில் நின்றது. டாக்டர் லென்ஸ் வைத்து ஒவ்வொருவராகப் பார்த்து, கொடிக்காரனிடம் வந்ததும் நின்றார்.

"இவனுக்குக் கண்ணில்லல்லோ. இவனை வெளியே எடுக்கணும்."

குனிந்து பார்த்தேன். கொடிக்காரனுக்கு என் முகம். ஒட்டியது நான்தான், ஆனால் ஒட்டும்போது காலைத்தான் பார்ப்பேன். முகத்தைப் பார்க்கும் பழக்கம் யாரிடமும் எனக்கில்லை.

பட்டாளத்தார் தூரிகையை என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, இத்தன பேரு பாக்குறாக."

"பாக்கட்டும்லே. அதுக்குத்தான கொடிய ஒங்கிட்டக் குடுத்துருக்கேன்."

புள்ளி வைத்தேன். ஒரு கண் நேராக, ஒரு கண் ஓரமாக விழுந்தது. கண் கண்தான் என்று டாக்டர் ஒத்துக்கொண்டார். சாயங்காலம்வரை தாயம் உருண்டது. எத்தனை வெட்டுக்கும் ராவுத்தர் விழவே இல்லை. ஜெயித்தோம். டாக்டர் எழுந்து நின்று பட்டாளத்தாருக்கு சல்யூட் அடித்தார். பதிலுக்கு அடித்த பட்டாளத்தாரை அன்று யாராவது அளந்திருக்க வேண்டும்.

பட்டாளத்தார் போய்ச் சேர்ந்த பிறகு டின் என் கடையில் இருக்கிறது. கொடிக்காரனின் ஒரு கண் குமுளிப் பக்கம் பார்க்கிறது. இன்னொன்று பக்கத்திலிருக்கும் அவர் கடையைப் பார்க்கிறது. அது பூட்டியிருக்கிறது என்று அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

மாட்டுப்பொங்கல் நாள், 2010.