தூது போன இடத்தில் ஒரு குட்டி நாற்காலி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நானும், உங்கள் மகனும், உங்கள் மருமகளும் இங்கே சுகம். உங்கள் நலத்தையும், சம்பந்தியம்மாவின் நலத்தையும், உங்கள் வலது முழங்காலின் நலத்தையும் தனித்தனியே விசாரித்ததாகக் கொள்ளவும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது.

என்னை விமானம் ஏற்றி அனுப்பும்போது நீங்கள் சொன்னது ஒன்றும் எனக்கு மறக்கவில்லை. "ஒரு எம்.ஏ. போதாதா சம்பந்தி? வெளிநாட்டுல இங்கிலீஷ் டீச்சர் வேலை, நல்ல பள்ளிக்கூடம், இதுக்கு மேல எதுக்கு இன்னொரு எம்.ஏ.? நீங்க பெத்த அப்பா, நீங்க சொன்னா கேட்பா. படிப்பை மூட்டை கட்ட வெச்சுட்டு வாங்க" என்றீர்கள். நானும் மார்தட்டிக்கொண்டு கிளம்பினேன். பேருந்துப் பணிமனையில் காலமெல்லாம் நேரக் காப்பாளனாக இருந்து, டீக்கடையில் கதை பேசிய எத்தனையோ ஓட்டுநர்களை ஒரே முறைப்பில் வண்டி எடுக்க வைத்தவன் நான். பெற்ற பெண்ணை ஒரு படிப்பை விட வைக்க முடியாதா என்றுதான் நினைத்தேன்.

வந்த அன்றே ஆரம்பித்துவிட்டேன். உங்கள் மருமகள் (படிப்பு விஷயம் பேசும்போது அவளை இப்படித்தான் சொல்வதாக இருக்கிறேன்) காலையில் பள்ளிக்கூடம் போகிறாள், சாயங்காலம் பை நிறையப் பிள்ளைகளின் நோட்டுகளோடு வருகிறாள், அதையெல்லாம் திருத்தி முடித்துவிட்டுத் தன் புத்தகத்தைத் திறக்கிறாள். பகலில் டீச்சர், மாலையில் மாணவி. வீட்டுப்பாடம் எழுதாததற்கு ஒரு பிள்ளை சொன்ன சாக்கை என்னிடம் சொல்லித் திட்டிவிட்டு, அடுத்த நிமிடமே அதே சாக்கைத் தன் பேராசிரியருக்கு மின்னஞ்சலில் எழுதியதை என் கண்ணால் பார்த்தேன். சாப்பிடும்போது சொன்னேன், துணி காயப்போடும்போது சொன்னேன், லிப்டில் சொன்னேன், "போதும்மா, விட்டுடு" என்று. உங்கள் மகனோ நான் தொண்டையைக் கனைத்தாலே சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் தேய்க்கத் தொடங்கிவிடுவார். மாப்பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது, பாத்திரங்கள் பளபளவென்று இருக்கின்றன. என் தூதால் விளைந்த நன்மை அது ஒன்றுதான்.

இப்படியிருக்க, ஒரு நாள் அவளே என்னிடம் வந்து, "அப்பா, எனக்கு ஒரு உதவி பண்ணணும்" என்றாள். அந்தப் படிப்பில் ஒரு விதி இருக்கிறதாம். இங்கிலீஷ் பேசத் தெரியாத பெரியவர்களுக்கு, ஆளுக்கொரு தாய்மொழிக்காரர்களாகப் பார்த்து, வகுப்பு எடுக்க வேண்டுமாம். வேறு மொழியில் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, எல்லாம் படமும் சைகையும்தான். கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தேர்வாளர் வந்து பார்ப்பார், அதில் தேறினால்தான் பட்டம். வந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார், ஆள் குறைகிறது.

"நீங்க சும்மா வந்து உட்கார்ந்தா போதும். உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே."

"தெரியாதுன்னு யாரு சொன்னது? பேச வராது, அவ்வளவுதான்."

எதிரியின் கோட்டைக்குள் நுழைந்து பார்த்தால்தானே எங்கே ஓட்டை என்று தெரியும். உங்கள் காரியமாகத்தான் போனேன் என்பதைக் குறித்துக்கொள்ளவும். வகுப்பு, அவள் பள்ளிக்கூடத்திலேயே, பிள்ளைகள் போன பிறகு, சின்னஞ்சிறுசுகளின் அறையில். கூரையிலிருந்து தொங்கும் காகிதப் பட்டாம்பூச்சிகள் என் வழுக்கையில் உரசின. நாற்காலிகளோ என் ஒரு காலுக்குப் போதும். உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடித்தது. கடைசி வரிசையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு முன்னால் திரைச்சீலை தைக்கும் ஓர் அம்மா. அவருக்கும் முன்னால், முதல் வரிசையில், எங்கள் கட்டடத்தின் கீழே ரொட்டிக்கடை வைத்திருப்பவர், புருவமெல்லாம் மாவோடு.

இந்த ரொட்டிக்கடைக்காரருக்கும் எனக்கும் ஏற்கெனவே வாய்க்கால் தகராறு. தினம் காலையில் நான்தான் ரொட்டி வாங்கப் போவேன். அடிப்பக்கம் தீய்ந்திருக்கும். எடுத்துச் சொல்ல மொழி ஏது? திருப்பிக் காட்டுவேன். அவர் மறுபடி நேராகத் திருப்பி, பையில் போட்டுக் கொடுத்துவிடுவார். அந்த ஆள் இங்கே என்னடாவென்றால் டீச்சர் கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிடுகிறார், உங்கள் மருமகளும் "வெரி குட்" என்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பெற்ற பெண், என் முன்னாலேயே ஊரான் ஒருவனை மெச்சுகிறாள்! அன்றிலிருந்து குளியலறைக் கண்ணாடியைப் பார்த்துப் பாடம் படிக்க ஆரம்பித்தேன். மாப்பிள்ளை கதவைத் தட்டி, "மாமா, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டார்.

இனிதான் முக்கியமான கட்டம். ஒரு விடுமுறை நாள் மத்தியானம். சலவை இயந்திரம் வீட்டையே உலுக்கிக்கொண்டிருந்தது. அவள் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்த கட்டுரை சரியில்லை என்று திரும்பி வந்திருந்தது, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் கூடுதலாக ஒரு வகுப்பைத் தலையில் கட்டியிருந்தார். நோட்டுக் குவியலுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தவள், "அப்பா, நீங்க சொன்னதுதான் சரி. நான் விட்டுடறேன்" என்றாள்.

சம்பந்தி, கவனியுங்கள். தூது பலித்துவிட்டது. நான் உடனே உங்களுக்குப் போன் போட்டு, அடுத்த விமானத்தைப் பிடித்திருக்க வேண்டும்.

"என்னது? யாரு உன்னை விடச் சொன்னது?" என்று கத்தினேன்.

"நீங்கதான்பா. வந்த நாள்லேருந்து."

"நான் ஆயிரம் சொல்வேன். அதுக்காக விட்டுடறதா? தேர்வாளர் வர்ற நேரத்துல! நான் பாடமெல்லாம் நெட்டுருப் போட்டு வெச்சிருக்கேன். அந்த ரொட்டிக்கடைக்காரர் முன்னாடி என் மானம் போகணுமா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். வேண்டாம் என்று அவள் விட்டால் சரி என்றிருப்பேன். முடியவில்லை என்று விடுவதை என்னால் பார்க்க முடியவில்லை. கட்டுரையைத் திருத்தி எழுத உட்காரவைத்தேன். நோட்டுகளில் மதிப்பெண் கூட்டும் வேலையை நானும் மாப்பிள்ளையும் எடுத்துக்கொண்டோம்.

தேர்வாளர் அம்மா வந்தார். குட்டி நாற்காலி ஒன்றில், மடியில் கைப்பையோடு, ஓரமாக உட்கார்ந்தார். அன்றைய பாடம், கடையில் வாங்கிய பொருள் சரியில்லை என்று திருப்பிக் கொடுப்பது. உங்கள் மருமகள் படங்களைக் காட்டி, வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்தாள். பிறகு ரொட்டிக்கடைக்காரரைக் கடைக்காரராக நிறுத்தி, என்னை வாடிக்கையாளராகக் கூப்பிட்டு, ஒரு நிஜ ரொட்டியைக் கையில் கொடுத்தாள். இனி நாங்கள்தான் பேச வேண்டும், அவள் எடுத்துக் கொடுக்கக் கூடாது. முதல் வரிசைப் புலிக்கு வாய் அடைத்துவிட்டது, மாவு வேர்வையில் கரைகிறது. தையல்காரம்மா தரையைப் பார்க்கிறார். கண்ணாடி முன்னால் படித்ததெல்லாம் எனக்கும் மறந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில் ரொட்டியைத் திருப்பினேன். தீய்ந்திருந்தது. அவர் கடை ரொட்டியேதான்!

"மிஸ்டர்! லுக்! பிளாக்! எவ்ரி டே பிளாக்!" என்றேன்.

"நோ பிளாக்! பிரவுன்! குட் பிரவுன்!"

"யூ ஈட்! யூ ஈட் நவ்!"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "யூ! எவ்ரி மார்னிங் ஃபிங்கர்! திஸ் பிரெட் ஃபிங்கர், தட் பிரெட் ஃபிங்கர், ஆல் ஃபிங்கர்! பை ஒன்லி ஒன்!"

நான் எல்லா ரொட்டியையும் விரலால் அழுத்திப் பார்ப்பது உண்மைதான். அதற்காகப் பொது இடத்தில் சொல்வதா? நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன்னேறினேன், அவரும் முன்னேறினார். அதுவரை வாய் திறக்காத தையல்காரம்மா நடுவில் வந்து இரண்டு கையையும் விரித்து, "ஸ்டாப்! யூ, நியூ பிரெட் கிவ். யூ, நோ ஃபிங்கர். ஓகே?" என்று அதட்டினார். இருவரும், "ஓகே" என்றோம். கையும் குலுக்கிக்கொண்டோம்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. போச்சு, பெண்ணின் படிப்பைக் கெடுத்துவிட்டோம் என்று குட்டி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். தேர்வாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், சிரித்த சிரிப்பில். நாங்கள் மூவரும் எங்களுக்குத் தெரியாத மொழியில் ஒரு வழக்கையே பேசித் தீர்த்திருக்கிறோம், டீச்சர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் நல்ல வகுப்பு என்று அவர் சொன்னாராம். மகள் நேராக என்னிடம் வந்து, எல்லார் முன்னாலும், "வெரி குட்" என்றாள். பணி ஓய்வு நாளில் எனக்குப் போட்ட மாலையெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை சம்பந்தி.

முடிவு இன்னும் வரவில்லை. ஆனாலும் உங்களுக்குக் கொடுத்த வாக்கை நான் மறந்துவிடவில்லை. இதுதான் கடைசி, இதற்கு மேல் ஒரு புத்தகத்தைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை சாட்சி. சம்பந்தியம்மாவை நிம்மதியாக இருக்கச் சொல்லவும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், சின்னவர்களுக்கு ஆசியும், முழங்காலுக்கு என் பிரத்யேக அன்பும்.

இப்படிக்கு,
தூது சென்ற உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் முடிவு வந்துவிட்டது. என் மகள் தேறிவிட்டாள். தன்னிடமே ஆராய்ச்சிப் படிப்புக்குச் சேரச் சொல்லித் தேர்வாளர் அம்மா கூப்பிட்டிருக்கிறார். அவள், "மாமா அத்தை என்ன சொல்வாங்களோ" என்று தயங்கினாள். அவர்களுக்குப் பரம சந்தோஷம் என்று உங்கள் சார்பில் நானே சொல்லிவிட்டேன். ஆகையால் மேலே 'இதுதான் கடைசி' என்று எழுதியிருப்பதை மட்டும் அடித்துவிட்டு வாசிக்கவும். ஆராய்ச்சிக்குப் புதிய ஆட்கள் வேண்டுமாம், எனக்கு இங்கிலீஷ் வந்துவிட்டதால் என்னைச் சேர்க்க மாட்டார்கள். இங்கிலீஷ் பேச வராதவராகவும், எடுத்ததற்கெல்லாம் மல்லுக்கு நிற்பவராகவும் ஒருவர் வேண்டும் என்றதும், முதலில் உங்களைச் சொன்னது உங்கள் மகன்தான். உங்கள் முழங்காலைக் காட்டிப் பெரிய நாற்காலி கேட்டுப் பார்த்தேன், அந்த அறையில் கிடையாதாம். குட்டி நாற்காலியிலேயே துண்டு போட்டு வைத்திருக்கிறேன், ரொட்டிக்கடைக்காரர் உட்கார்ந்திருந்த முதல் வரிசையில். சீக்கிரம் புறப்பட்டு வரவும்.